பிளேட் ஓடும்போது பேசக்கூடாது

சார், கொஞ்சம் தள்ளி உக்காருங்க. பை மேல சாஞ்சிராதீங்க. உள்ள பிளேட் இருக்கு. பாட்டு பிளேட் சார், ரெக்கார்டு. ஜப்பான்ல அடிச்சது, எட்டு மாசம் காத்திருந்து தபால்ல வரவழைச்சேன். ஒரு முழங்கை அழுத்தினா போதும், வளைஞ்சிரும். அப்புறம் ஊசி குதிக்கும். கோவிச்சுக்காதீங்க, பஸ்ல பக்கத்துல யார் உக்காந்தாலும் இதைத்தான் சொல்லுவேன்.

என்ன பாட்டுன்னு கேக்கறீங்களா? ஜாஸ். தெரியாதா? பரவால்ல. தெரிஞ்ச மாதிரி தலையாட்டறவங்களுக்கு தெரியாதுன்னு சொல்றவங்க எவ்வளவோ மேல். இந்த பிளேட்ல மூணே மூணு பேர். பியானோ ஒருத்தர், டிரம்ஸ் ஒருத்தர், பாஸ் ஒருத்தர். பாஸ்னா வயலின் மாதிரியே ஆளுயரத்துக்கு நிக்கும், விரலால சுண்டி வாசிப்பாங்க. வார்த்தை கிடையாது. ஒரு மெட்டை எடுத்துக்கிட்டு அவங்கவங்களுக்கு அந்த நேரத்துல தோணினதை வாசிக்கறது. நம்ம கச்சேரியில ஸ்வரம் பாடறாங்களே, அந்த மாதிரின்னு வச்சுக்கோங்க. என்கிட்ட இது மாதிரி ஆயிரத்து நானூறு பிளேட் இருக்கு. கேக்கறதுக்குத்தான் இப்ப ஆள் இல்ல.

பெரம்பூர்ல ஏகாம்பரம்னு ஒருத்தர். அவர் வீட்டுக்குப் போயிட்டுத்தான் வரேன். என்ன நடந்ததுன்னு சொல்றேன், என் மேல என்ன தப்புன்னு நீங்க சொல்லுங்க. தெரிஞ்சவங்க எல்லாரும் ஒரு பக்கமா சாஞ்சுட்டாங்க. மூணாவது மனுஷன் சொன்னா நான் ஒத்துக்கறேன்.

நான் வானிலை ஆபீஸ்ல அப்சர்வரா இருந்தவன். முப்பத்தி மூணு வருஷம். மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை மேகம் எவ்வளவு, காத்து எந்தப் பக்கம், வெயில் எத்தனை டிகிரி, எல்லாம் பாத்து எழுதணும். பாத்ததைத்தான் எழுதணும். உத்தேசமா எழுதினா அது பொய். இந்தப் பழக்கம் ரத்தத்துல ஊறிடுச்சு. என் பேர் திருவேங்கடம். திருவேங்கடத்தோட நோட்டுல ஒண்ணு எழுதியிருந்தா அதுல மறுபேச்சு கிடையாதுன்னு எங்க ஆபீசரே சொல்லுவார்.

எண்பத்தி மூணுல, பெரம்பூர்ல ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போகுது, வீட்டு சாமான் எல்லாம் விக்கறாங்கன்னு கேள்விப்பட்டு ஓடினேன். கட்டில் பீரோவுக்கு நடுவுல ஒரு தகரப்பெட்டி நிறைய ஜாஸ் பிளேட். நான் ஒரு பிளேட்டைப் பிடிக்கறேன், அந்தப் பக்கத்துல இருந்து இன்னொரு கை அதே பிளேட்டைப் பிடிக்குது. நிமிந்து பாத்தா காக்கிச் சட்டை, விரல் இடுக்குல எல்லாம் கிரீஸ். ரயில் என்ஜின் ரிப்பேர் பண்ற லோகோ ஷெட்டுல ஃபிட்டர். அவர்தான் ஏகாம்பரம். அவர் கைதான் முதல்ல பட்டுச்சு, நான் மறைக்கல. ஆனா அவரே விட்டுட்டார். "நீங்க எடுத்துக்கோங்க சார், என் பாட்டுப் பெட்டியில ஊசி மொக்கை, கீறிடும். ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வந்து கேட்டுக்கறேன்" அப்படீன்னார். அன்னிக்கு ஆரம்பிச்சதுதான் எங்க ஞாயித்துக்கிழமை. எத்தனை வருஷம்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. மழையோ வெள்ளமோ, பத்தரை மணிக்கு கேட்டைத் திறந்துக்கிட்டு வந்து நிப்பார். அப்புறம் டென்டிஸ்ட் இக்னேஷியஸ்னு ஒருத்தர் சேந்துக்கிட்டார். மூணு பேர், மூணு நாற்காலி.

நான் புத்தகம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டவன். யார் எந்த வருஷம் யாரோட வாசிச்சாங்க, எந்த ஊர்ல பதிவு பண்ணாங்க, எல்லாம் விரல் நுனியில இருக்கும். ஏகாம்பரத்துக்கு ஒரு பேர் தெரியாது. இங்கிலீஷ் படிக்க வராது. ரயில்வே இன்ஸ்டிட்யூட்ல கிறிஸ்துமஸுக்கு டான்ஸ் நடக்கும்ல, அங்க நாற்காலி தூக்கிப் போடப் போய் காதுல விழுந்து பிடிச்சுக்கிட்டது. ஆனா காதுன்னா அது காது சார். என்ஜின் சத்தத்தை வச்சே எந்த நட்டு லூசுன்னு சொல்ற ஆளு.

ஒரு தடவை எழும்பூர் மியூசியம் தியேட்டர்ல கச்சேரி. அமெரிக்காவுல இருந்து அஞ்சு பேர் வந்திருந்தாங்க, பேர் சொன்னா உங்களுக்குத் தெரியப் போறதில்ல. நேர்ல ஜாஸ் கேக்கறது எங்க ரெண்டு பேருக்கும் அதுதான் முதல் தடவை. ஊர்ல இருக்கற பெரிய மனுஷங்க எல்லாம் கோட்டு சூட்டுல உக்காந்திருக்காங்க. சாக்ஸபோன்காரர் கண்ணை மூடிக்கிட்டு உச்சத்துக்கு ஏத்திக்கிட்டுப் போறார். நம்ம ஆளு தொடையில பளார் பளார்னு தாளம் போட்டுக்கிட்டு, திடீர்னு, "அப்டிப் போடு ராசா" அப்படீன்னு ஒரு சத்தம். தியேட்டரே திரும்பிப் பாக்குது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. அவர் கூட வரல, தனியா வந்தேன்ற மாதிரி முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கிட்டேன்.

கச்சேரி முடிஞ்சதும் அந்த சாக்ஸபோன்காரர் மேடையை விட்டு இறங்கி வரார். நான் எழுந்து நின்னேன். அவர்கிட்ட கேக்கறதுக்கு மூணு கேள்வி எழுதி வச்சிருந்தேன். நேரா எங்க வரிசைக்கு வந்து, சத்தம் போட்டது யாருன்னு கேட்டு, ஏகாம்பரத்தோட கையைப் பிடிச்சுக் குலுக்கி, விடவே மாட்டேங்கறார். என்னென்னவோ சொல்றார், இவர் சிரிக்கறார். நான் மொழிபெயர்க்கறதுக்கு நின்னேன். என் கேள்வியைக் கேக்கறதுக்குள்ள அவரைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.

அடுத்த ஞாயித்துக்கிழமைதான் நான் விதி போட்டது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. ரொம்ப நாளா மனசுல இருந்ததுதான். பிளேட் ஓடும்போது பேசக்கூடாது. ஆஹா, பலே, ச்சு, எதுவும் கூடாது. தொடையில தாளம் கூடாது. கால் ஆட்டலாம், செருப்பைக் கழட்டிட்டு, பாய் மேல, சத்தம் வராம. ஒரு பக்கம் முடிஞ்சு மறுபக்கம் திருப்பிப் போடற வரைக்கும் கூடப் பேச்சு கூடாது, மனசுல இருக்கறது கலைஞ்சிரும். யாராவது அசந்து தூங்கிட்டா எழுப்பக்கூடாது, பாட்டுல தூங்கறதும் ஒரு ரசனைதான். எனக்கு மட்டும் நோட்டுல எழுத அனுமதி, பேனாவுல சத்தம் வராதுங்கறதால. ஏகாம்பரம் எல்லாத்தையும் கேட்டுட்டு, சரி சார்னு ஒரே வார்த்தைதான் சொன்னார். அதுக்கப்புறம் எத்தனையோ கச்சேரிக்குப் போயிருக்கோம், பெங்களூர், பம்பாய்னு ரயிலேறிப் போயிருக்கோம். கையைக் கட்டிக்கிட்டு, முகத்துல ஒரு அசைவு இல்லாம உக்காந்திருப்பார். அவ்வளவு ஒழுங்கு. நான் பழக்கினதுதான்.

இருங்க, கண்டக்டர் வரார். இந்தாங்க, அடையாறு ஒண்ணு.

போன ஆடி மாசம், ஞாயித்துக்கிழமை. இந்த பிளேட் அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் கையில கிடைச்சது. உறையைக் கூடப் பிரிக்காம வச்சிருந்தேன், மூணு பேருமா சேந்து முதல் தடவையா கேக்கணும்னு. அன்னிக்கு வாசல் கதவைச் சாத்தினேன், ஃபேனைக் கூட நிறுத்தினேன். என் சம்சாரம் பையனோட ஹைதராபாத்துக்குப் போய் நாலஞ்சு வருஷம் ஆச்சு, அதனால சமையல்கட்டுல பாத்திரச் சத்தமும் கிடையாது. ஈ பறந்தாக் கேக்கும். பதினொண்ணு ரெண்டுக்கு ஊசியை வச்சேன்.

பதினொண்ணு பதினாலுக்கு ஏகாம்பரத்தோட வலது கால் நின்னுடுச்சு. பாய் மேல அதுபாட்டுக்கு ஆடிக்கிட்டிருந்த கால். பாத்தேன், எழுதினேன். டிரம்ஸ்காரர் மேல ஏதோ அதிருப்தின்னு நினைச்சேன். பிடிக்கலன்னா அவருக்குக் கால் நின்னுடும், அது எங்களுக்குள்ள ஒரு சமிக்ஞை மாதிரி. பதினொண்ணு இருபதுக்கு கையில இருந்த டம்ளர் நழுவிப் பாய் மேல விழுந்தது. காபி கொட்டிச்சு. நான் முறைச்சேன். பதினொண்ணு இருபத்திரண்டுக்கு என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். ஏதோ ஒரு சத்தம், வார்த்தையா வரல, இழுத்துக்கிட்டு வந்தது. அப்பத்தான் பியானோ அடங்கி பாஸ் தனியா வாசிக்க ஆரம்பிக்கற இடம். அந்த பிளேட்டோட உயிரே அந்த இடம்தான். நான் உதட்டு மேல விரலை வச்சேன்.

உடனே அடங்கிட்டார் சார். அதுக்கப்புறம் ஒரு சத்தம் இல்ல. என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தார்.

திருப்பிப் போட்டேன். ரெண்டாவது பக்கம் முடியறப்ப கண்ணு மூடியிருந்தது, தலை ஒரு பக்கமா சாஞ்சிருந்தது. தூங்கறார்னு விட்டுட்டோம். விதி இருக்கே. நானும் டென்டிஸ்டும் தாழ்வாரத்துல போய் மெதுவாப் பேசிக்கிட்டிருந்தோம், அவர் தூக்கம் கலையக்கூடாதுன்னுதான். ஒரு மணிக்கு மெஸ்ல இருந்து வாங்கி வச்ச எலுமிச்சஞ்சாதம் சாப்பிட்டோம். அவர் பங்கை மூடி வச்சேன். மூணு பத்துக்கு டென்டிஸ்ட் கிளம்பறப்ப, போயிட்டு வரேன்னு தோளைத் தொட்டார். ஏகாம்பரம் அப்படியே நாற்காலியில இருந்து சரிஞ்சு கீழ வந்தார்.

ஆம்புலன்ஸ் வந்து ஆஸ்பத்திரிக்குப் போறப்ப மூணு அம்பது. சின்ன வயசு டாக்டர், கெட்டிக்காரர். பாத்த உடனே சொல்லிட்டார், மூளைக்குப் போற ரத்தம் அடைச்சிருக்கு, பக்கவாதம்னு. அதுக்கு ஒரு ஊசி இருக்கு, பக்கவாதம் வந்த நேரத்துல இருந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்னு கேட்டார். டென்டிஸ்ட் சொன்னார், பன்னெண்டு மணி வரைக்கும் நல்லா இருந்தார் டாக்டர், பாட்டு கேட்டுக்கிட்டிருந்தார்னு. டாக்டர் தலையாட்டிட்டு ஸ்கேனுக்கு ஏற்பாடு பண்ணுங்க, ஊசியை ரெடி பண்ணுங்கன்னு நர்ஸம்மாகிட்ட சொல்றார்.

நீங்களே சொல்லுங்க, நான் சும்மா இருக்க முடியுமா? பன்னெண்டுன்னு எப்படிச் சொல்றது? டென்டிஸ்ட் பிளேட் ஓடின நேரமெல்லாம் கண்ணை மூடிக்கிட்டுத் தூங்கினவர், என்ன பாத்தார்? நான் நோட்டை எடுத்தேன். "டாக்டர், பதினொண்ணு பதினாலுக்கு வலது கால் நின்னுடுச்சு. எழுதி வச்சிருக்கேன்"னு காமிச்சேன். டாக்டர் நோட்டைப் பாத்தார், கடிகாரத்தைப் பாத்தார். மூணு நாப்பத்தி நாலோட நாலரை மணி நேரம் முடிஞ்சு போச்சு. ஆறு நிமிஷம் சார். ஆறு நிமிஷம்தானேன்னு கேட்டேன். ஸ்கேன் எடுக்கவே இன்னும் இருபது நிமிஷம் ஆகும், நேரம் தாண்டிப் போட்டா உள்ள ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்தாயிடும், போட முடியாதுன்னுட்டார். ஒரு விஷயம் சொல்லணும், நீங்க உண்மையைச் சொன்னது சரிதான்னு அந்த டாக்டரே சொன்னார். அதை யாரும் வெளியில சொல்றதில்ல. அதோட இன்னொண்ணும் கேட்டார், பதினொண்ணு பதினாலுக்கே தெரிஞ்சிருந்தா ஏன் கூட்டிக்கிட்டு வரலன்னு. எனக்குத் தெரிஞ்சது கால் நின்னது மட்டும்தான் டாக்டர், வியாதின்னு தெரியலன்னு சொன்னேன். அவருக்கு அந்த வித்தியாசம் புரியல.

டென்டிஸ்ட் அங்கயே என்னைத் தனியாக் கூப்பிட்டு, உங்க கடிகாரம் வாழ்க்கையில ஒரு நாளாவது பொய் சொல்லக் கூடாதான்னு கேட்டுட்டுப் போயிட்டார். அதுக்கப்புறம் ஒரு போன் இல்ல. பாருங்க, தூங்கிக்கிட்டிருந்தவர் நல்லவர். முழிச்சிருந்து கவனிச்ச நான் கெட்டவன். அந்த ரூம்ல அந்த மனுஷனோட காலைக் கவனிச்சது நான் ஒருத்தன்தான் சார்.

அவர் பொண்ணு வெண்ணிலா, ஸ்கூல்ல டீச்சரா இருக்கு. ஆஸ்பத்திரி வராண்டாவுல வந்து அந்த நோட்டைக் கேட்டுச்சு. ஒளிக்கறதுக்கு என்ன இருக்குன்னு கொடுத்தேன். நின்னுக்கிட்டே படிச்சுச்சு. பதினொண்ணு இருபத்திரண்டு, ஏதோ பேச வந்தார், கை காட்டி நிறுத்தினேன்னு இருந்த வரியை அவங்கம்மா ரேணுகாகிட்ட வாய்விட்டுப் படிச்சுக் காட்டிச்சு. சண்டை போடும்னு நினைச்சேன். போட்டிருந்தாக் கூட நல்லா இருந்திருக்கும். நோட்டை மடக்கி என் கையில கொடுத்துட்டு, "எங்கப்பா வீட்டுல வாய் ஓயாமப் பாடிக்கிட்டே இருப்பாரு. உங்க வீட்டுல இத்தனை வருஷமா வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்திருக்காரு"ன்னு சொல்லிட்டு உள்ள போயிடுச்சு. அவர் பாடுவார்னே எனக்குத் தெரியாது சார். என்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல.

உசிரு பிழைச்சுது. ஆனா வலது பக்கம் விழுந்து போச்சு, பேச்சு போச்சு. வீட்டுக்குக் கொண்டு வந்தப்புறம் நாலு தடவை போனேன். நாலு தடவையும் வாசல் கேட்டோட சரி. தூங்கறார், குளிச்சுக்கிட்டிருக்கார், அப்புறம் வாங்க. பச்சையா வராதீங்கன்னு சொல்லல, அவ்வளவுதான்.

எனக்குள்ள ஒரே ஒரு கேள்விதான் சார், ராப்பகலா அரிச்சுக்கிட்டு இருந்தது. பதினொண்ணு இருபத்திரண்டுக்கு அவர் என்ன சொல்ல வந்தார்? அத்தனை வருஷம் விதியை மீறாத மனுஷன் சார். ஒரு தும்மல் வந்தாக் கூட வாயைப் பொத்திக்கிட்டு வெளிய போற ஆளு. அப்பேர்ப்பட்டவர் பிளேட் ஓடும்போது வாயைத் திறக்கறார்னா, அதுல ஏதோ பெரிசா இருந்திருக்கணும். அவர் காதுல பட்டு என் காதுல படாதது ஏதோ ஒண்ணு. அதைத் தெரிஞ்சுக்காம என்னால சாக முடியாதுன்னு தோணிப் போச்சு.

எட்டு மாசமா அந்த இடத்தைப் போட்டுப் போட்டுக் கேட்டேன். இருபதாவது நிமிஷம். நோட்டுல கணக்கு இருக்கு, நூத்தி அறுபது தடவைக்கு மேல. முதல்ல டிரம்ஸ்காரர் தேய்ச்சு வாசிக்கற பிரஷைக் கீழ வச்சுட்டுக் குச்சியை எடுக்கற சத்தம்னு நினைச்சேன். இல்ல, அது கொஞ்சம் முன்னாடியே வந்துடுது. அப்புறம் பாஸ்காரர் வாசிக்கறப்ப வாய்க்குள்ள முனகறார், அதுன்னு நினைச்சேன். போன மாசம்தான் பிடிபட்டுச்சு. பாஸோட மூணாவது தந்தி லேசா சுருதி இறங்கியிருக்கு. நூல் அளவு. வாசிக்கறவர் அதைத் தெரிஞ்சுக்கிட்டு விரலைக் கொஞ்சம் தள்ளி வச்சு சமாளிக்கறார். எந்தப் புத்தகத்துலயும் இது கிடையாது. இதைத்தான் ஏகாம்பரம் சொல்ல வந்திருக்கார்! எனக்கு அன்னிக்கு அழுகையே வந்துடுச்சு. உக்காந்து அழுதேன், சொல்றதுக்கு என்ன வெக்கம்.

இந்த வாரம் ரேணுகாம்மாவே போன் பண்ணாங்க. பேச்சுப் பயிற்சி கொடுக்கற அம்மா, அவருக்குப் பிடிச்சதை எல்லாம் காட்டுங்க, கேக்க வைங்கன்னு சொல்லியிருக்காங்களாம். எதைக் காட்டினாலும் சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கறாராம். பொண்ணு ஞாயித்துக்கிழமை வீட்டுல இருக்காது, அப்ப வாங்க சார், உங்க பாட்டைக் கேட்டா ஒருவேளை ஏதாவது பேச்சு வருமோ என்னவோன்னு சொன்னாங்க. நேத்து ராத்திரி நான் தூங்கவே இல்ல. பள்ளிக்கூடத்துல பரீட்சை ரிசல்ட்டுக்குப் போற மாதிரி சட்டையைத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு கிளம்பினேன்.

ஜன்னலோரம் நாற்காலியில உக்கார வச்சிருந்தாங்க. பாதியா இளைச்சுட்டார். வலது கையைத் தலையணை மேல எடுத்து வச்சிருக்கு. மடியில ஒரு அட்டை. அட்டை நிறைய படம், தண்ணி, சோறு, பாத்ரூம், ஃபேன், வலி. கீழ் வரிசையில நாலு முகம், சிரிப்பு, கோபம், அழுகை, பயம். வேணுங்கறதை இடது கை விரலால தொட்டுக் காமிப்பாராம். என்னைப் பாத்ததும் திரும்பிக்கல. எனக்கு அதுவே பெரிசு. ஏகாம்பரம், கண்டுபிடிச்சுட்டேன், நீங்க சொல்ல வந்ததைக் கண்டுபிடிச்சுட்டேன்னு சொன்னேன். அவரோட பழைய பெட்டியில என் ஊசியை மாட்டி, இதே பிளேட்டைப் போட்டேன்.

நல்லாத்தான் கேட்டுக்கிட்டிருந்தார். நான் பாட்டைக் கேக்கல, அவர் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். பதினஞ்சு நிமிஷம் ஆச்சு, பதினெட்டு ஆச்சு. இடது கை நாற்காலிப் பிடியை இறுக்கிப் பிடிக்குது. அவருக்கும் அந்த இடம் வருதுன்னு தெரிஞ்சுடுச்சுன்னு எனக்கு ஒரே பரபரப்பு. பியானோ அடங்கிச்சு. பாஸ் தனியா ஆரம்பிச்சுது. என் வாழ்க்கையில முதல் தடவையா பிளேட் ஓடும்போது நான் பேசினேன் சார்.

"இந்த இடம்தானே ஏகாம்பரம்? மூணாவது தந்தி இறங்கியிருக்கு, அதைத்தானே அன்னிக்கு என்கிட்ட சொல்ல வந்தீங்க?"

என்னையே பாத்தார். அன்னிக்குப் பாத்தாரே, அதே மாதிரி. அப்புறம் மெதுவா நாற்காலிப் பிடியை விட்டுட்டு, கையை மடிக்குக் கொண்டு வந்து, கீழ் வரிசையில கடைசி முகத்து மேல விரலை வச்சார். பயம்.

விரல் நழுவிடுச்சுன்னு நினைச்சேன். நானே அந்த விரலைப் பிடிச்சு அட்டையை விட்டு எடுத்து, நிதானமா திரும்பக் கேட்டேன். சுருதியா, தந்தியா, எதுன்னு சொல்லுங்கன்னு. திரும்பவும் அதே முகம். நேராப் போய் அதே முகம்.

அன்னிக்கு பயமா இருந்துச்சா, இல்ல இப்ப பயமா இருக்கான்னு கேட்டேன். விரலை எடுக்கவே இல்ல.

ரேணுகாம்மா சமையல்கட்டுல இருந்து வந்தாங்க. எப்ப வந்து நின்னாங்கன்னு தெரியல. ஊசியைத் தூக்கத் தெரியாம பிளேட் மேலயே கையை வச்சு நிறுத்தினாங்க. கரகரன்னு ஒரு சத்தம். எனக்குக் கோபம் கூட வரல. "அவருக்கு உதறுது பாருங்க. போதும் சார், நீங்க போங்க"ன்னாங்க. பாத்தேன், ஆமா, உதறிக்கிட்டுதான் இருந்தது. அதை நான் பாஸுக்கு அசையறார்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

இதுல என் தப்பு என்ன சொல்லுங்க. அந்த அட்டையே சரியில்ல சார். அந்த பயப்படற முகத்தை நீங்க பாக்கணும், வாயைப் பெரிசாத் திறந்துக்கிட்டு, கண்ணை விரிச்சுக்கிட்டு, பாடற முகம் மாதிரிதான் இருக்கு. யார் வேணா மாத்திக் காமிச்சிருவாங்க. அவருக்குக் கண்ணாடி வேற போட்டு விடல. கண்ணாடியைப் போட்டுட்டு இன்னொரு தடவை கேக்கலாமான்னு கேட்டிருக்கணும், அந்த நேரத்துல தோணல. எட்டு மாசம் சார், எட்டு மாசமா அந்த பாஸை நான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன். அதுல ஒண்ணும் இல்லன்னா, நான் கேட்டதெல்லாம் என்ன? நான் விரலை வச்சேன், அவர் என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தார்னு சொன்னேனே, ரெண்டாவது பக்கம் முடியற வரைக்கும் முக்கால்வாசி நேரம் பாத்துக்கிட்டேதான் இருந்தார். நான் நோட்டுல எழுதிக்கிட்டு இருந்தேன்.

நீங்க என்ன சொல்றீங்க?

என்ன சார், எழுந்துட்டீங்க? இது ஜெமினிதானே. நீங்க மந்தைவெளின்னு டிக்கெட் வாங்கினீங்களே.